கூண்டுச் சோதனை: பாசி பெருகியது கடல் முள்ளெலி இல்லாததாலா, கூண்டாலா?

பாறைக்குளம்:
நான் சோதனை செய்யும் இடம் எப்போதும் நீர் நிற்கும் பாறைத்தளம். கடல் முள்ளெலி (sea urchin, முள் போர்த்திய உருண்டையான கடலுயிரி) பாசியை எவ்வளவு மேய்ந்து கட்டுப்படுத்துகிறது என்று பார்க்க 50×50 செ.மீ. கட்டங்கள், பாதிக்கு மூடிய கம்பிவலைக் கூண்டு, மீதி திறந்தபடி. 8 வாரத்தில் கூண்டுக்குள் பாசி மண்டிவிட்டது, வெளியே பாறை மொட்டை. ஆனால் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி மெல்லிய இழைப்பாசி, வலை மேலும் வழவழவென்று படிந்திருக்கிறது. முள்ளெலிதான் இங்கே கீஸ்டோன் இனம் (நீக்கினால் அங்குள்ள உயிர்ச்சமூகமே மாறிவிடும் இனம்) என்று எழுதலாமா?

ஓதக்கணக்கு:
இப்போதைக்கு எழுதாதீர்கள். மூடிய கூண்டு முள்ளெலியை மட்டும் தடுப்பதில்லை. பாசி மேயும் மீனையும் தடுக்கிறது, நிழல் போடுகிறது, நீரோட்டத்தைக் குறைத்து வண்டலைப் படிய வைக்கிறது. இதில் எது பாசியை வளர்த்தது என்று உங்கள் இரண்டு வகைக் கட்டத்தை வைத்துச் சொல்ல வழியில்லை.

மூன்றாவதாகப் பாதிக்கூண்டு வேண்டும்: கூரையும் இரண்டு பக்கமும் இருக்கும், மற்ற இரண்டு பக்கம் திறப்பு. அதன் உள்ளே திறந்த கட்டம் போலவே மொட்டையாக இருந்தால் மேய்ச்சல்தான் காரணம். மூடிய கூண்டு போலப் பாசி வளர்ந்தால் கூண்டின் கைவேலை.

மீனின் பங்கையும் முள்ளெலியின் பங்கையும் பிரித்தறிய, மீன் மட்டும் மேல்வழியே வரும்படி கூரையில்லாத வேலி போடுங்கள். முள்ளெலி வலையில் ஏறும், அதனால் மேல் விளிம்பை வெளிப்பக்கமாக மடக்க வேண்டும். பாறை மேடுபள்ளம் என்பதால் அடியில் ஒரு சாண் வலையை விரித்துத் திருகாணி போடாவிட்டால் இடுக்கு வழியே நுழைந்துவிடும். குட்டிகள் வலைக்கண் வழியாகவே வரும். வாரம் ஒருமுறை பொறுக்கி எடுங்கள். அன்றே வலையையும் தேயுங்கள், படிந்த வலை நிழலைக் கூட்டும். வகைக்கு 5 கட்டமாவது, சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்கியதாக இருக்கட்டும்.

நடுக்கல்:
சொல்லைப் பற்றி ஒன்று. கல் வளைவின் உச்சியில் செருகுவது கீஸ்டோன். சிறிய கல்தான், அதை உருவி எடுத்தால் வளைவே சரியும். அதிகம் இருப்பதால் அதிகம் மேய்கிற இனத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

சூழலியலாளர் ராபர்ட் பெய்ன் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையில் பைசாஸ்டர் என்ற நட்சத்திர மீன்களைப் பிடுங்கி வீசிக்கொண்டே இருந்தார். 1966-இல் அவர் வெளியிட்ட கணக்கில் பாறையிலிருந்த 15 இனம் 8 ஆகியிருந்தது. அந்த நட்சத்திர மீன் விரும்பித் தின்றது இடப்போட்டியில் வெல்லக்கூடிய மட்டியை. தின்ன ஆளில்லாமல் போனதும் மட்டி மற்றவற்றை நெருக்கித் தள்ளிவிட்டது. கீஸ்டோன் என்ற பெயரை அவர் வைத்தது 1969-இல். அலாஸ்காவின் அலூசியன் தீவுகளில் அந்தப் பட்டம் முள்ளெலியைத் தின்னும் கடல் நீர்நாய்க்கு. கெல்ப் என்ற பெரும்பாசியை மேயும் முள்ளெலி நடுவில் நிற்கிறது. உங்கள் தளத்தில் முள்ளெலியைத் தின்பது எது என்று முதலில் பாருங்கள்.

உவர்நீர்:
மேலே சொன்னதில் ஒரு இடம் எனக்கு ஒப்பவில்லை. எண்ணிக்கை மிகுந்த இனமும் ஒற்றை ஆளாகத் தாங்கி நிற்க முடியும். ஜமைக்காவில் பாசி மேயும் மீன்கள் ஏற்கெனவே மிகையாகப் பிடிபட்டிருந்தன. அந்த வேலையை டயடிமா முள்ளெலி பார்த்தது. 1983-இல் நோய் பரவிக் கரீபியனில் 90 சதவீதத்துக்கு மேல் செத்தது, பாசி பவளத்தை மூடியது. மீன் போதுமான அளவு இருந்திருந்தால் கதை வேறு. ஆகவே உங்கள் தளத்தில் மீன் எவ்வளவு என்று எண்ணாமல் முள்ளெலியின் பங்கைச் சொல்லாதீர்கள்.

கடைசியில் கூண்டைத் திறந்து முள்ளெலியைத் திரும்ப விடவும் செய்யுங்கள். முன்பிருந்த எண்ணிக்கை போதாமல் போகலாம்: இளம் இழைப்பாசியை மேய்வது எளிது, முற்றிய பெரும்பாசியை அழிக்க நிறைய வாய் வேண்டும்.

பாறைக்குளம்:
பாதிக்கூண்டின் திறப்பு அலை வரும் பக்கமா, எதிர்ப்பக்கமா?

ஓதக்கணக்கு:
எல்லாவற்றையும் ஒரே திசையில் வைக்க வேண்டாம். அலை நேரே புகுந்தால் வண்டல் அலசிப்போகும், எதிர்ப்பக்கம் என்றால் தேங்கும். சிலவற்றில் அப்படி, சிலவற்றில் இப்படி வைத்து, திசையையும் குறித்துக்கொள்ளுங்கள்.