மாங்காய் அடித்த கை சர்வ் போடும்

தொடங்கி வைப்பவர், சென்னை

மகளை டென்னிஸ் பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது என் வேலை. எட்டு மாதம் பெஞ்சைத் தேய்த்த பிறகு, "சும்மா இருக்கிறதுக்கு நீங்களும் அடிக்கலாமே மேடம்" என்றார் பயிற்சியாளர். அப்போது எனக்கு வயது 43. பள்ளியில் எறிபந்து ஆடியதோடு சரி.

வலது பக்கம் வரும் பந்தை அடிக்கும் ஃபோர்ஹேண்ட் ஒரு மாதிரி வந்துவிட்டது. பந்தை மேலே போட்டு அடித்து ஆட்டத்தைத் தொடங்கும் சர்வ்தான் வரவே இல்லை. பயிற்சியாளர் நல்ல மனிதர், ஆனால் பட்டியல் போடுவார். முழங்காலை மடிக்க வேண்டும், தோளைத் திருப்ப வேண்டும், இடது கை நேராக மேலே போக வேண்டும், முழங்கை தாழக் கூடாது, மணிக்கட்டை இறுக்கக் கூடாது, கண் பந்தில் இருக்க வேண்டும். ஆறையும் மனத்தில் ஓட்டி முடிப்பதற்குள் மேலே போன பந்து என் காலடியில் வந்து விழுந்திருக்கும்.

அங்கே வயதான மார்க்கர் ஒருவர் இருந்தார். நாற்பது வருடமாக உறுப்பினர்களுக்குப் பந்து போட்டுக் கொடுத்தவர். ஒருநாள் பக்கத்தில் வந்து, "ஏம்மா, சின்ன வயசுல மாங்கா அடிச்சிருக்கியா?" என்று கேட்டார். அடித்திருக்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் தாத்தா வீட்டில், பக்கத்துத் தோப்பில், கல்லால். "அந்தக் காயைப் பாரு. உசரத்துல இருக்கு. கல்லை விட்டெறி." மட்டையைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையால் பத்து தடவை எறிந்தேன். கண்ணை மூடச் சொன்னார். காம்பு, இலை, மேலே வெயில் எல்லாம் தெரிந்தது. தோள் தானாகத் திரும்பியது, முழங்கை தானாக மேலே போனது. அப்புறம் மட்டையோடு எறிந்தேன். முதல் பந்து வேலிக்கு வெளியே போயிற்று. நாலாவது பந்து வலையைத் தாண்டி உள்ளே விழுந்தது.

என் சர்வ் இன்றைக்கும் சுமார்தான். ஆனால் ஆறு கட்டளையும் ஒரு மாங்காயில் அடங்கியது எப்படி என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு இப்படிக் கைகொடுத்த படம் ஏதாவது உண்டா? எழுதுங்கள்.

பொறியாளர், ஓசூர்

அந்தப் பெரியவர் சொன்னதில் கணக்கும் இருக்கிறது அக்கா. புதிதாக ஆடுபவர் மனத்தில் சர்வ் என்றால் மேலிருந்து கீழே ஆணி அடிப்பது போல ஒரு படம் இருக்கும். அந்தப் படமே தப்பு. நாம் நின்று சர்வ் போடும் பின்கோடான பேஸ்லைனிலிருந்து வலை 39 அடி. வலையிலிருந்து, சர்வ் தாண்டக் கூடாத எதிர்ப்பக்க சர்வீஸ் கோடு 21 அடி. வலையின் உயரம் நடுவில் 3 அடி. பந்து நேர்கோட்டில் போவதாக வைத்துக்கொண்டு, வலையின் உச்சியை உரசி அந்தக் கோட்டில் விழ வேண்டும் என்றால் எவ்வளவு உயரத்திலிருந்து அடிக்க வேண்டும்? 60-ஐ 21-ஆல் வகுத்து 3-ஆல் பெருக்கினால் எட்டரை அடிக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. ஐந்தடி இரண்டங்குலம் உள்ளவர் கையையும் மட்டையையும் முழுக்க நீட்டினாலும் பந்து படும் இடம் அந்த உயரத்தைத் தொடுவது கஷ்டம். ஆக, கீழ்நோக்கி நேராக அடித்தால் ஒன்று வலையில் விழும், இல்லையென்றால் கோட்டுக்கு வெளியே போகும். கொஞ்சம் மேல்நோக்கி அடித்தால்தான் புவியீர்ப்பும் சுழற்சியும் பந்தை வளைத்து உள்ளே இறக்கும்.

இதை நான் தாளில் கோடு போட்டு என் தம்பிக்கு அரைமணி நேரம் விளக்கினேன். எல்லாம் புரிந்தது என்றான். போய் மறுபடி ஆணிதான் அடித்தான்.

உடற்கல்வி ஆசிரியர், சேலம் மாவட்டம்

எங்கள் பள்ளியில் சிமெண்ட் தரையில் கோடு போட்டு, கைப்பந்து வலையைத் தாழ்த்திக் கட்டி டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிறேன். சிறுவர்களுக்கென்று வரும் சிவப்புப் பந்துதான் பயன்படுத்துகிறேன். வழக்கமான பந்தைவிட அது 75 சதவீதம் மெதுவாக வரும். ஆரஞ்சு என்றால் 50, பச்சை என்றால் 25. பந்து மெதுவாக வந்தால்தான் பிள்ளைக்கு மனத்தில் படம் ஓட நேரம் கிடைக்கும். வேகப் பந்தைக் கொடுத்துவிட்டு "கற்பனை பண்ணு" என்றால் எங்கே பண்ணும்?

என் கைவசம் உள்ள படங்களில் ராசியானது வறட்டி. பந்து தரையில் படும் முன்பே அடிக்கும் வாலி அடிக்கும்போது எல்லாப் பிள்ளைகளும் மட்டையைப் பின்னால் இழுத்து ஓங்கும். (வாலி என்று முதல் நாள் சொன்னதும் ஒருவன் "சுக்ரீவன் எங்க சார்?" என்று கேட்டான். அது வேறு கதை.) "வீட்டில் ஆயா சுவரில் வறட்டி தட்டுவதைப் பார்த்திருக்கிறாயா? கையை ஓங்கியா தட்டுவார்கள்?" என்றேன். முன்னால் கொண்டுபோய் ஒரே அழுத்து, அங்கேயே நிற்கும் கை. அவ்வளவுதான் வாலி. அன்றைக்கு மாலைக்குள் பாதிப் பேருக்கு வந்துவிட்டது. ஓங்காதே, ஓங்காதே என்று அதற்கு முந்தைய இரண்டு வாரம் தொண்டை கிழியக் கத்தியதுதான் மிச்சம்.

பந்து வலையில் போய் விழுகிறவர்களுக்குக் கொடிக்கயிறு. வலைக்கு மேலே இன்னொரு மூன்றடி உயரத்தில் கயிறு கட்டி அம்மாவின் புடவை காய்கிறது, பந்து அழுக்கு, புடவையில் படக் கூடாது. இதைச் சொன்னதும் பந்து தானாக மேலே ஏறும். "வலையில் போடாதே" என்று மட்டும் நான் சொல்வதில்லை. சொன்னால் மனத்தில் வருவது வலைதான். கோல்ஃப் ஆட்டத்தில் 1985-இல் ஒரு சோதனை செய்தார்கள். பந்து குழிக்குப் பக்கத்தில் தவறிப் போவதாகக் கற்பனை செய்யச் சொன்னவர்களுக்கு ஆட்டம் கெட்டது. பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி தேவையில்லை, புடவை போதும்.

படம் ஏமாற்றியதும் உண்டு. மாங்காய் உத்தியை நானும் சொன்னேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டு மட்டையை மரத்தை நோக்கி விட்டெறிந்துவிட்டான். சத்துணவுக் கூடத்தின் ஓட்டில் போய் விழுந்தது. அன்றிலிருந்து கல்லை எறியச் சொல்லும்போது "கல் மட்டும்தான் போகணும், கை இங்கேயே இருக்கணும்" என்று சேர்த்துச் சொல்கிறேன்.

பயிற்சியாளர், சென்னை

சாரிடம் ஒன்று சொல்ல வேண்டும். அடுக்குமாடிப் பிள்ளைகளிடம் வறட்டியும் செல்லாது, மாங்காயும் செல்லாது. ஒரு பெண் குழந்தை என்னிடம், "மாங்காய் ஆப்ல வரும் அங்கிள்" என்றாள். அவர்களுக்குப் பேப்பர் அம்பு. தரையில் நின்றுகொண்டு மூன்றாவது மாடி பால்கனிக்கு அதை அனுப்ப வேண்டும். கை தானாக மேல்நோக்கிப் போகும். பரதநாட்டியம் கற்கும் பிள்ளையிடம் "அரைமண்டி" என்ற ஒரே சொல் போதும், முழங்கால் மடிந்து தயார்நிலை வந்துவிடும். கபடி ஆடுகிறவனிடம், பாடி வருபவன் எந்தப் பக்கம் பாய்வான் என்று தெரியாத அந்த நொடியை நினைத்துக்கொள் என்பேன். எதிராளி பந்தை அடிக்கும்போது ஒரு சின்னக் குதி குதித்து நிற்பதற்கு அதைவிட நல்ல படம் கிடையாது.

கிரிக்கெட்டிலிருந்து வருகிறவர்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். அவர்களிடம் ஏற்கெனவே படம் உண்டு, அதுதான் தொல்லை. பந்து கொஞ்சம் எழும்பினால் சிக்சர் அடிக்கும் படம் முந்திக்கொண்டு வந்துவிடும்.

இப்படி உவமை வழியாகச் சொல்லிக்கொடுப்பதை 2001-இல் லியாவ், மாஸ்டர்ஸ் என்ற இருவர் மேசைப்பந்தில் சோதித்தார்கள். பந்தை முன்னோக்கிச் சுழலவிடும் டாப்ஸ்பின் அடிப்பதற்கு ஒரு குழுவுக்கு விதிகளைப் பட்டியலாகக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவிடம், செங்கோண முக்கோணம் ஒன்றை மட்டையால் வரைவதுபோல அடிக்கச் சொன்னார்கள். பதற்றம் வந்தபோதும், கூடவே வேறொரு மன வேலை கொடுத்தபோதும், முக்கோணக் குழுதான் தடுமாறாமல் அடித்தது. பட்டியலோடு ஆடுகிறவன் நெருக்கடியில் பட்டியலைத் தேடுகிறான். பதிவைத் தொடங்கியவர் கேட்டதற்குப் பதில் ஏறக்குறைய இதுதான் என்று நினைக்கிறேன்.

மென்பொருள் துறை, கோவை

என்னுடையது தோல்விக் கதை. டென்னிஸ் வீரர் ஃபெடரரின் ஃபோர்ஹேண்ட் வீடியோக்களை இரவில் போட்டுப் பார்த்து, கண்ணை மூடி, அவர் இடத்தில் என்னை வைத்துப் பார்ப்பேன். மெதுவாக, ஸ்லோமோஷனில், பார்வையாளர் மாடத்திலிருந்து பார்ப்பதுபோல. ரொம்ப அழகாக இருப்பேன். இரண்டு மாதம் இதைச் செய்தேன். கோர்ட்டில் எதுவும் மாறவில்லை, வீடியோவில் என்னைப் பார்த்தபோது வந்த ஏமாற்றம் மட்டும் அதிகமானது.

அப்புறம்தான் ஹோம்ஸ், காலின்ஸ் என்ற இருவர் 2001-இல் எழுதிய முறையைப் பற்றிப் படித்தேன். கற்பனை நிஜத்தோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறதோ அவ்வளவு பலன் என்பது சாரம். உட்கார்ந்து அல்ல, மட்டையைப் பிடித்து நின்றுகொண்டு. முடிந்தால் ஷூ போட்டுக்கொண்டு, கோர்ட்டிலேயே. நிஜ வேகத்தில். நம் கண்ணிலிருந்து தெரிவதுபோல. முக்கியமாக, இப்போது நம்மால் முடிகிற அடியை. நான் ஒவ்வொன்றையும் தலைகீழாகச் செய்திருக்கிறேன்!

இப்போது ஒரு நல்ல அடி விழுந்தால் உடனே அடுத்த பந்தை எடுப்பதில்லை. அப்படியே நின்று ஒருமுறை மனத்தில் அதை மறுபடி அடிக்கிறேன். மட்டையில் பட்டதும் உள்ளங்கையில் வந்த அதிர்வு, சத்தம், பந்து போன வளைவு. மூன்று நொடி ஆகும். ஃபெடரரை விட்டுவிட்டு என்னுடைய நல்ல அடியையே நகலெடுக்கத் தொடங்கியதிலிருந்து கொஞ்சம் பரவாயில்லை.

முன்னாள் மாவட்ட ஆட்டக்காரர், திருச்சி

எல்லாம் சரி தம்பி. 200 பந்து அடித்தவன் கற்பனை செய்தால் பயன் உண்டு. 20 பந்து அடித்தவன் எதைக் கற்பனை செய்வான்? எங்கள் காலத்தில் சுவர்தான் குரு. காலை ஐந்தரைக்குப் போனால் ஏழு மணி வரை சுவர்.

மென்பொருள் துறை, கோவை

ஒப்புக்கொள்கிறேன் சார். ஃபெல்ட்ஸ், லேண்டர்ஸ் இருவரும் 1983-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மனப்பயிற்சி மேல் என்றுதான் வந்தது. சுவரை யாரும் இடிக்கச் சொல்லவில்லை. எங்கள் அடுக்குமாடியில் சுவரில் பந்து அடித்தால் சங்கத்திலிருந்து கடிதம் வருகிறது, அதனால்தான் இந்தப் பாடு.

மிருதங்கம் பயில்பவர், மதுரை

எல்லோரும் படம் படம் என்கிறீர்கள். எனக்குக் கண்ணை மூடினால் இருட்டுதான். மாம்பழமும் வராது, அம்மா முகமும் வராது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1880 வாக்கிலேயே, காலை உணவு மேசையை மனத்தில் கொண்டுவரச் சொல்லிப் பலரைக் கேட்டபோது, எதுவும் தெரியவில்லை என்றவர்கள் இருந்தார்கள். 2015-இல் ஆடம் ஜீமன் குழு இதற்கு அஃபேன்டேசியா என்று பெயர் வைத்தது. பெயர் கிடைத்தபோது எனக்கு முப்பது வயது.

பயிற்சி வகுப்பில் "கண்ணை மூடிப் பந்தைப் பாருங்கள்" என்று சொல்லும் இடத்தில் நான் சும்மா கண்ணை மூடி நிற்பேன். வருகிறது என்று தலையாட்டுவேன். சிறுபிள்ளைத்தனம்தான், ஆனால் எட்டுப் பேர் தலையாட்டும்போது ஒருவன் மட்டும் என்ன செய்வான்?

எனக்குக் கைகொடுத்தது காது. பந்து தரையில் படும்போது ஒரு சொல், மட்டையில் படும்போது ஒரு சொல் என்று வாய்விட்டுச் சொல்லும் பழைய பயிற்சி ஒன்று உண்டு. நான் "தா", "தோம்" என்று வைத்துக்கொண்டேன். தா, தோம். எதிராளி வேகமாக அடித்தால் இடைவெளி சுருங்கும், மெதுவாக வந்தால் நீளும். வீட்டில் மனப்பயிற்சி செய்யும்போதும் இதைத்தான் ஓட்டுகிறேன். படம் இல்லை, காலப்பிரமாணம் உண்டு. தாளம் தப்பினால் அடி தப்பும் என்பது கோர்ட்டில் எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. கூட ஆடுகிறவர் முதலில் பயந்தார், இப்போது அவரும் "தோம்" சொல்கிறார்.

பயிற்சியாளர், சென்னை

இதைப் படித்ததும் என் வகுப்பில் தலையாட்டுகிறவர்களை நினைத்துக்கொண்டேன். நாளையிலிருந்து "பாருங்கள்" என்பதோடு "கேளுங்கள், கையில் உணருங்கள்" என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். நன்றி அண்ணா.

தொடங்கி வைத்தவர், சென்னை

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்த மார்க்கர் ஐயா இப்போது ஊருக்குப் போய்விட்டார், இதையெல்லாம் அவரிடம் படித்துக் காட்ட ஆசை. சரி, இடது பக்கம் வரும் பந்தை அடிக்கும் இரண்டு கை பேக்ஹேண்டுக்கு யாரிடமாவது ஏதாவது இருக்கிறதா? எனக்குத் தோள் திரும்புவதே இல்லை. கையால் மட்டும் தள்ளுகிறேன்.

உடற்கல்வி ஆசிரியர், சேலம் மாவட்டம்

வாசல் தெளியுங்கள் மேடம். சாணம் கரைத்த வாளி, இரண்டு கையாலும் பிடித்து, இடது இடுப்புப் பக்கம் கொண்டுபோய், அங்கிருந்து முன்னால் வீசுவது. வாளி கனமாக இருந்தால் கையால் மட்டும் தள்ள முடியாது, உடம்பு திரும்பித்தான் ஆக வேண்டும். முதலில் நிஜ வாளியில் செய்துவிட்டு வாருங்கள்.

தொடங்கி வைத்தவர், சென்னை

காலையில் செய்து பார்த்தேன் சார். சாணம் இல்லை, வெறும் தண்ணீர்தான். தோள் நன்றாகவே திரும்பியது. தண்ணீர் எதிர்வீட்டு ஸ்கூட்டர் சீட்டில் போய் விழுந்தது. அதைத் துடைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.