புதுப்பிப்பு: பேரணாம்பட்டுத் தோல் சீவும் கருவி

செருப்புத் தோலின் ஓரம் சீவ அக்காவின் கணவர் செய்த கருவிக்குக் காப்புரிமை கிடைக்குமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். சட்டக் கல்லூரி மாணவர்களிடம் போகச் சொன்னவர்களுக்கு நன்றி.

மாணவர்கள் இருவர் பட்டறைக்கே வந்தார்கள். முதல் கேள்வியே, "அண்ணா, இதை வெளியில் யாருக்காவது காட்டினீர்களா?" விண்ணப்பத்துக்கு முன் பகிரங்கமானால் புதுமை போய்விடுமாம். நல்லவேளை, மாமா சந்தேகப் பேர்வழி, அக்காவுக்கே காட்டவில்லை. பழைய காப்புரிமைகளைத் துழாவிய பிறகு, கத்தியின் சாய்வைப் பிடிக்கும் ஸ்பிரிங் மட்டும்தான் புதிது என்றாள் வந்தவர்களில் ஒருத்தி. மாமாவின் முகம் சுண்டிவிட்டது. எனக்கோ, ஒன்றாவது புதிதாக இருக்கிறதே என்று அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

விண்ணப்பிப்பவர் சார்பில் காப்புரிமை முகவராகக் கையெழுத்திட மாணவர்களுக்கு உரிமையில்லை. மாமா தம் பெயரிலேயே இணையவழியில் 1,600 ரூபாய் கட்டித் தற்காலிக விவரக் குறிப்பை, அதாவது கண்டுபிடிப்பின் முதற்கட்ட விளக்கத்தை, தாக்கல் செய்தார். முழுக் குறிப்புக்கு 12 மாதம் அவகாசம். வரைபடம் இன்னும் முடியவில்லை.