ஜோகன்னஸ்பர்க்கில் கன்சல்டிங் வேலை: எழுத்து கேஸ் இன்டர்வியூவுக்கு எப்படித் தயாராவது?

சாண்ட்டன், ரோஸ்பேங்க் பக்கம் கன்சல்டிங் கம்பெனிகளுக்கு விண்ணப்பித்துவிட்டு, அடுத்த ரவுண்டு 'ரிட்டன் கேஸ்' (ஒரு கம்பெனியின் பிரச்சினையைத் தாளில் கொடுத்து, ஸ்லைடாக விடை தயாரிக்கச் சொல்லும் தேர்வு) என்று மெயில் வந்ததும் என்ன செய்வதென்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாய்மொழி கேஸுக்குப் படித்ததே போதும் என்று போனால் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே தகவலை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டும். இங்கே தகவல் கொட்டிக் கிடக்கும், அதில் எதைப் படிக்காமல் விடுகிறீர்கள் என்பதுதான் சோதனை.

பொதுவாக 20 முதல் 40 பக்கம் உள்ள ஒரு கட்டைக் கையில் கொடுப்பார்கள். சார்ட், அட்டவணை, வாடிக்கையாளர் பேட்டிக் குறிப்பு, செய்தித் துணுக்கு எல்லாம் கலந்திருக்கும். ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்குள் 3 முதல் 5 ஸ்லைடு தயார் செய்து, பத்துப் பதினைந்து நிமிடம் பேச வேண்டும். அதன்பின் கேள்விகள். பிசிஜி, பெயின் என்ற பெரிய கன்சல்டிங் கம்பெனிகள் இரண்டும் பல நாடுகளில் இந்த வகைத் தேர்வை வைத்ததுண்டு. ஆனால் அலுவலகத்துக்கு அலுவலகம் விவரம் மாறும். ஆகவே எச்ஆரிடம் தயங்காமல் கேளுங்கள்: எத்தனை நிமிடம், எத்தனை ஸ்லைடு, கையால் எழுதுவதா லேப்டாப்பிலா, கால்குலேட்டர் உண்டா, பேச எத்தனை நிமிடம். இதைக் கேட்பதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டு மணி நேரம் கிடைத்தால் இப்படிப் பிரியுங்கள். முதல் 5 நிமிடம் கேள்வித்தாளுக்கு மட்டும். கேட்டதை உங்கள் வார்த்தையில் ஒரே வரியாக எழுதி மேசையில் கண்ணில் படும்படி வையுங்கள். அடுத்த 15 நிமிடத்தில் முழுக் கட்டையும் புரட்டுங்கள்: தலைப்பு, சார்ட்டின் அச்சுகள், அடிக்குறிப்பு, இவை மட்டும். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் 'தேவை', 'ஒருவேளை', 'வேண்டாம்' என்று குறித்துக்கொண்டே போங்கள். பிறகு 10 நிமிடத்தில் ஸ்லைடு தலைப்புகளை உத்தேசமாக எழுதிவிடுங்கள். கணக்குக்கும் ஆழ்ந்த வாசிப்புக்கும் 40, ஸ்லைடுக்கு 35, சரிபார்த்து மனசுக்குள் ஒருமுறை பேசிப் பார்க்க 15. ஒரு மணி நேரம்தான் என்றால் எல்லாவற்றையும் பாதியாக்காதீர்கள். வாசிப்பையும் கணக்கையும் சுருக்குங்கள், கடைசிச் சரிபார்ப்புக்குப் பத்து நிமிடமாவது விடுங்கள்.

கணக்குக்கு முன்பே தலைப்பா என்று தோன்றும். அது இல்லாவிட்டால் கிடைத்த எண்ணையெல்லாம் கூட்டிப் பெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். தலைப்பு இருந்தால், அதை உறுதி செய்ய அல்லது உடைக்க எந்த மூன்று எண் வேண்டும் என்று தெரிந்துவிடும்.

பயிற்சிக்காக நானே கட்டிய ஒரு கேஸ். 40 கடைகள் உள்ள சூப்பர்மார்க்கெட். மின்வெட்டுக்கு ஜெனரேட்டர் ஓட்டக் கடைக்குச் சராசரி மாதம் 90,000 ரேண்ட் டீசல். சோலாரும் பேட்டரியும் போட கடைக்கு 3 மில்லியன். போட்டால் டீசலில் 70 சதவீதமும், மின்கட்டணத்தில் மாதம் 12,000 ரேண்டும் மிச்சம். பராமரிப்பு ஆண்டுக்கு முதலீட்டில் 2 சதவீதம். போட்ட பணம் 5 ஆண்டுக்குள் திரும்ப வேண்டும் என்பது போர்டின் நிபந்தனை.

மேலோட்டமாகப் போட்டால் டீசல் ஆண்டுக்கு 43.2 மில்லியன், அதில் மிச்சம் 30.24, மின்கட்டண மிச்சம் 5.76, பராமரிப்பு 2.4. நிகரம் 33.6 மில்லியன். முதலீடு 120. ஆக 3.6 ஆண்டு, 'எல்லாக் கடையிலும் போடலாம்'. பெரும்பாலானோர் இங்கேயே நின்றுவிடுவார்கள்.

ஆனால் 31ஆம் பக்க அடிக்குறிப்பில், டீசல் எண் மின்வெட்டு உச்சத்தில் இருந்த ஆறு மாதத்தின் சராசரி, வழக்கமான ஆண்டில் அதில் பாதிதான் என்று இருக்கிறது. (இங்கே 2023 மிக மோசமான ஆண்டு, 2024 மார்ச் கடைசியிலிருந்து நிலைமை வெகுவாகத் தேறியது. அதனால் இந்த மாதிரிக் கண்ணி இயல்பாகவே வரக்கூடியது.) டீசலைப் பாதியாக்கினால் நிகரம் 18.48 மில்லியன், 6.5 ஆண்டு. நிபந்தனை தவறுகிறது. அப்படியானால் 'வேண்டாம்' என்பதா? இணைப்பில் இன்னொரு அட்டவணை: 15 பெரிய கடைகளில் டீசல் மாதம் 1,50,000, மற்ற 25இல் 54,000. பெரிய 15க்கு மட்டும் பாதி டீசலில் கணக்குப் போட்டால் முதலீடு 45, நிகரம் 10.71, ஆக 4.2 ஆண்டு. மற்ற 25க்கு 9.7 ஆண்டு. விடை கைக்கு வந்துவிட்டது: முதலில் பெரிய 15 கடைகள், மற்றவை இப்போது வேண்டாம். சராசரியைக் கண்டால் உடனே பிரித்துப் பாருங்கள். எழுத்து கேஸில் விடை பெரும்பாலும் சராசரிக்குள்தான் ஒளிந்திருக்கும்.

ஸ்லைடுக்கு வருவோம். 'டீசல் செலவுப் பகுப்பாய்வு' என்பது தலைப்பே அல்ல. 'பெரிய 15 கடைகளில் போட்டால் 4.2 ஆண்டில் பணம் திரும்பும்' என்று வினைச்சொல்லும் எண்ணும் உள்ள முழு வாக்கியமாக இருக்க வேண்டும். நீங்கள் அதை ஆங்கிலத்தில் எழுதப் போகிறீர்கள், விதி அதுவேதான். முதல் ஸ்லைடிலேயே விடை. இரண்டாவதில் கணக்கு, ஒரே ஒரு சார்ட்டுடன். மூன்றாவதில் இடர்கள், நான்காவதில் அடுத்த மூன்று மாத வேலை. அட்டவணையை அப்படியே காப்பியடிப்பதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. ஒரு ஸ்லைடில் ஆறேழு எண்ணுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே சிறியதாகப் பக்க எண் போடுங்கள், கேள்வி வரும்போது தேட வேண்டியிருக்காது.

கேள்வி நேரத்தில் நிச்சயம் ஒரு எண்ணை அசைத்துப் பார்ப்பார்கள். 'டீசல் விலை 20 சதவீதம் இறங்கினால்?' பெரிய 15 கடைகளின் டீசல் மிச்சம் ஆண்டுக்கு 9.45 மில்லியனிலிருந்து 7.56 ஆகும், நிகரம் 8.82, 5.1 ஆண்டு. நிபந்தனை மயிரிழையில் தவறுகிறது. அதை மழுப்பாமல் சொல்லுங்கள், கூடவே 'மின்கட்டணம் ஏறினால் அந்த மிச்சம் கூடும், அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்' என்று சொல்லுங்கள். முதலில் சொன்னதைப் பிடிவாதமாகக் காப்பதும் ஆபத்து, ஒரே கேள்வியில் மொத்தமாகக் கைவிடுவதும் ஆபத்து.

—

மேலே அண்ணன் சொன்னதோடு, அக்கா நானும் இந்த ஊருக்கே உரிய சிலதைச் சேர்க்கிறேன்.

முதலாவது எண் எழுதும் முறை. இங்கே பல ஆவணங்களில் தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்கு இடைவெளி. '43,2' என்றால் நாற்பத்து மூன்று புள்ளி இரண்டு. '1 250' என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. அவசரத்தில் 43,2ஐ 432 என்று வாசித்தால் மொத்தக் கணக்கும் போச்சு. லட்சம், கோடியை மனசிலும் பேச்சிலும் கழற்றி வையுங்கள். ஒரு மில்லியன் பத்து லட்சம், ஒரு பில்லியன் நூறு கோடி. தாளின் மேல் ஓரத்தில் 'எல்லாம் மில்லியன் ரேண்ட்' என்று எழுதிவிட்டுத் தொடங்கினால் பாதிப் பிழை வராது.

அடுத்து நிதியாண்டு. ஏப்ரல்-மார்ச் பழக்கத்தில் ஒப்பிடாதீங்க. இங்குள்ள சூப்பர்மார்க்கெட் கம்பெனிகளையே பாருங்க: ஷாப்ரைட் ஜூன் இறுதியையொட்டி முடிக்கும், பிக் அன் பே பிப்ரவரி இறுதியையொட்டி, ஸ்பார் செப்டம்பரில். மூன்றின் '2023' எண்களும் ஒரே பன்னிரண்டு மாதம் அல்ல. வாட் (மதிப்புக் கூட்டு வரி) 2018 ஏப்ரலில் 14இலிருந்து 15 சதவீதம் ஆனது. பழைய விலையையும் புதிய விலையையும் ஒப்பிடும்போது வாட் சேர்ந்த விலையா என்று பாருங்க.

ஆள் குறைப்புதான் நம்ம ஆட்கள் அதிகம் சறுக்குற இடம். 'அடுத்த மாதமே 300 பேரைக் குறைக்கலாம்' என்று ஸ்லைடில் போட்டால், இந்த நாட்டுச் சட்டம் தெரியவில்லை என்று ஆகிவிடும். தொழிலாளர் உறவுச் சட்டம் 189ஆம் பிரிவின்படி முதலில் கலந்தாலோசனை நடத்தணும். பெரிய நிறுவனத்தில் பெரிய அளவில் குறைப்பென்றால் 189ஏ பிரிவு வரும், பொதுவாக 60 நாள் கழியும்வரை வேலைநீக்க நோட்டீஸ் கொடுக்க முடியாது. சேமிப்பு எந்த மாதத்திலிருந்து வரும் என்பதை அதற்கேற்பத் தள்ளிப் போடுங்க.

சப்ளையரை மாற்றச் சொன்னாலும் அப்படித்தான். கறுப்பினப் பொருளாதார அதிகாரமளிப்புக்கான பி-பிபிஇஇ ஸ்கோர்கார்டில், யாரிடம் வாங்குகிறோம் என்பதும் புள்ளியாகக் கணக்கில் வரும். மலிவான சப்ளையரால் கம்பெனியின் நிலை இறங்கினால், அரசுக் காண்ட்ராக்டில் அடி விழலாம். இதை இடர் ஸ்லைடில் ஒரு வரி போட்டாலே போதும்.

இன்னொன்று, இங்கே பார்ட்னரைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. வார்த்தைக்கு வார்த்தை 'சார்' போட வேண்டாம்.

—

அண்ணே, அக்கா, கால்குலேட்டர் தரலேன்னா? பயிற்சிக்கு கேஸ் எங்கே எடுக்கிறது?

—

தம்பி, கையால்தான் போடணும்னு வெச்சே பழகுங்க. பெரிய எண்ணை ரவுண்டு பண்ணுங்க: 45ஐ 10.71ஆல் வகுக்காம, 45ஐ 11ஆல் வகுத்தா 4.1, அதனால 'நாலு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல'ன்னு சொன்னா போதும். ரவுண்டு பண்ணினதை வாய்விட்டுச் சொல்லிடுங்க.

கேஸுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஜோகன்னஸ்பர்க் பங்குச் சந்தைக் கம்பெனிகளோட ஒருங்கிணைந்த ஆண்டறிக்கை எல்லாம் அவங்கவங்க தளத்துல இலவசமாவே கிடைக்கும். ஷாப்ரைட், கேப்பிடெக் வங்கி, கிளிக்ஸ் மருந்துக்கடை, எதையாவது எடுங்க. அதுல 30 பக்கம் பிரிண்ட் போட்டு, வரிசையைக் கலைச்சு, 'அடுத்த மூணு வருஷம் எங்கே முதலீடு பண்ணலாம்'னு ஒரு கேள்வி வெச்சு, கடிகாரத்தைப் பார்த்து உட்காருங்க. முடிஞ்சதும் ஸ்லைடை வீட்டுல யார்கிட்டயாவது கொடுத்து, தலைப்புகளை மட்டும் வாசிக்கச் சொல்லுங்க. அதை மட்டும் வெச்சு அவங்களால விஷயத்தைத் திருப்பிச் சொல்ல முடியலேன்னா, தலைப்பைத்தான் மாத்தணும், கணக்கை இல்ல. வாரத்துக்கு ரெண்டு வீதம் நாலு வாரம் செஞ்சா கை பழகிடும்.

ஆன்லைன்ல வெச்சாங்கன்னா, முந்தின நாளே மின்வெட்டு நேரத்தைக் காட்டுற எஸ்கோம்செபுஷ் ஆப்ல உங்க ஏரியாவைப் பாருங்க. ரூட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ், போன்ல தனி டேட்டா, லேப்டாப்ல முழு சார்ஜ், இது மூணும் ரெடியா இருக்கணும். ஸ்லைடு ஃபைலை இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை சேவ் பண்ணி, உங்க மெயிலுக்கே ஒரு காப்பி அனுப்ப விதிமுறை இடம் தருதான்னு எச்ஆர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க.