கருவி பொய் சொல்லாதாம்!

பனித்துளி:
நேற்று ஆராதனையில் பாஸ்டர் சொன்ன உதாரணம் மனதை விட்டுப் போகவில்லை. மேகத்துக்குள் நுழைந்த பைலட்டுக்கு விமானம் நேராகப் போவதுபோலவே இருக்குமாம். உண்மையில் அது சாய்ந்து வட்டமடித்துக்கொண்டிருக்கும். காதுக்குள் இருக்கும் திரவம் பத்து இருபது விநாடியில் அந்தத் திருப்பத்துக்குப் பழகிவிடுவதால் வரும் ஏமாற்று. உணர்வைத் தள்ளிவிட்டுக் கருவியைப் பார்ப்பவன் பிழைப்பான். "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்" என்று நீதிமொழிகள் 3:5 சொல்வதும் இதுதான். நமக்குத் தேவன்தான் கருவி. கருவி ஒருநாளும் பொய் சொல்லாது.

சந்தேகப்பேர்வழி:
கடைசி வரியைப் படித்ததும் டீ புரையேறிவிட்டது. 1978 ஜனவரி 1, பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் போயிங் 747 விமானம். இருட்டு, கீழே கடல். விமானம் வலது பக்கம் லேசாகத் திரும்பி நேரானது; விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும் கருவி, கேப்டன் முன்னால் இருந்த செயற்கை அடிவானம் மட்டும் வலது சாய்விலேயே நின்றுவிட்டது. மனிதர் அதை நம்பி இடது பக்கம் சாய்த்தார், இன்னும் சாய்த்தார். ஓடுபாதையை விட்டு 101 விநாடியில் கடல். 213 பேர். உங்கள் பாஸ்டர் சொன்னதைத்தானே அவரும் செய்தார்?

தாம்பரம் தாத்தா:
தம்பி, அரைக் கதை சொல்லாதே. விமானப்படையில் 22 வருஷம் கருவிகளைப் பழுதுபார்க்கும் இன்ஸ்ட்ரூமென்ட் ஃபிட்டராக இருந்தவன் நான். நீ சொல்லும் செயற்கை அடிவானத்தை நாங்கள் ஹொரைசன் என்போம்; அந்த காக்பிட்டில் அது மூன்று. கேப்டனுக்கு ஒன்று, கோ-பைலட்டுக்கு ஒன்று, நடுவில் மாற்றுக்கு வைத்த ஸ்டாண்ட்பை ஒன்று. கெட்டது ஒன்றே ஒன்று. மூன்று இருந்தது!

சந்தேகப்பேர்வழி:
கோ-பைலட்டே "என்னுடையதும் டாப்பிள் ஆகிவிட்டது", அதாவது கவிழ்ந்துவிட்டது, என்று சொன்னது காக்பிட் குரல் பதிவில் இருக்கிறது. அப்புறம் என்ன மூன்று?

தாம்பரம் தாத்தா:
அவர் வாய் சொன்னது வேறு, அவருடைய கருவி காட்டியது வேறு. கருவி இடது சாய்வைச் சரியாகவே காட்டியிருக்கும். விழுவதற்கு ஐந்து விநாடி முன்பு ஃப்ளைட் இன்ஜினியர் "அதைப் பார்த்து ஓட்டாதீர்கள்" என்று கத்தினாரே, அது மட்டும் உன் பதிவில் இல்லையோ? கெட்டது நம்முடைய மனசு, சரியாக நின்ற ஸ்டாண்ட்பைதான் வேதம். மூன்று இருந்தது.

நெல்லைக்காரி:
தாத்தா, மூன்றில் எது சரி என்று ஓட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லுங்கள். வருஷப்பிறப்பு ராத்திரி சபையில் வாக்குத்தத்த அட்டை, அந்த வருஷத்துக்கான வேத வசனம் அச்சடித்தது, ஒன்று எடுத்தேன். "நீங்கள் இந்த மலையருகே தங்கியிருந்தது போதும்" என்று வந்தது. மஸ்கட் நர்ஸ் வேலைக்கு அப்போதுதான் ஆஃபர் வந்திருந்தது. அப்பா அட்டையை டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு முறை வாசித்துவிட்டு, "போகச் சொல்லுது பிள்ளே" என்றார். ஏஜென்ட் ஆபீசில் அந்த ஆள் என் பாஸ்போர்ட்டை வாங்கி மேசை டிராயருக்குள் போட்ட விதத்திலேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது. சுயபுத்தி என்று அடக்கிக்கொண்டேன். நாலு மாசம் சம்பளம் இல்லை. அட்டை இன்னும் பைபிள் உறைக்குள்தான் இருக்கிறது, மூலை மடங்கி.

பனித்துளி:
அக்கா, அட்டையைப் பார்த்து வேலைக்குப் போகச் சொன்னது யார்? அது ஒரு ஆறுதலுக்குத்தானே.

நெல்லைக்காரி:
நல்லது நடந்தால் தேவ சித்தம், கெட்டது நடந்தால் ஆறுதலா? அந்த அட்டையை இரண்டு ரூபாய்க்கு விற்றது சபைதான், நான் அச்சடிக்கவில்லை.

சந்தேகப்பேர்வழி:
அட்டை அவருக்குக் கேப்டன் ஹொரைசன். வயிற்றைக் கலக்கியதே, அதுதான் ஸ்டாண்ட்பை. 🙂

தாம்பரம் தாத்தா:
உளறாதே. வயிறு ஹொரைசன் ஆகாது. வயிற்றை நம்பி மேகத்துக்குள் போனவன் திரும்பி வந்ததில்லை. விசாரணை முடிவிலும் மற்ற கருவிகளைப் பார்த்துச் சமாளிக்கத் தவறினார்கள் என்றுதான் இருக்கிறது. மற்ற கருவிகள் என்றால் என்ன? மூன்று இருந்தது.

கடலோரம்:
பைபிளில் கிதியோன், தேவன் சொன்னது உறுதிதானா என்று அடையாளம் கேட்டு ஆட்டுத்தோலைப் போட்டது ஒருமுறை இல்லை, இரண்டு முறை. முதல் நாள் தோல் நனைந்து தரை காய்ந்திருக்க வேண்டும், மறுநாள் தோல் காய்ந்து தரை நனைந்திருக்க வேண்டும். தேவன் கோபித்துக்கொள்ளவில்லை. ஆக, கருவியைச் சோதித்துப் பார்க்கலாம் என்றுதானே அர்த்தம்?

பனித்துளி:
கிதியோன் செய்தது அவிசுவாசம். அதை மாதிரியாக எடுக்கக்கூடாது.

கடலோரம்:
போன மாசம் வீடு வாங்குகிற இழையில் "நானும் கிதியோனைப் போல அடையாளம் கேட்டேன், கிடைத்தது" என்று சாட்சி எழுதியது யார்? உங்கள் பெயரில் வேறு பனித்துளி இருக்கிறாரா?

பனித்துளி:
அதை இங்கே இழுப்பது அநாகரிகம். சொந்த விஷயம்.

சந்தேகப்பேர்வழி:
தாத்தா, இரண்டு ஹொரைசன் ஒன்றும் மூன்றாவது வேறும் காட்டினால் இரண்டைத்தானே நம்புவீர்கள்? அப்படியானால் தேவ சித்தம் மெஜாரிட்டி ஓட்டா? மத்தியாவை அப்போஸ்தலராகச் சீட்டுப் போட்டுத்தானே எடுத்தார்கள். அடுத்த முறை காக்பிட்டில் சீட்டுப் போடச் சொல்லலாம்.

தாம்பரம் தாத்தா:
எகத்தாளம் வேண்டாம். வட்டவடிவக் கண்ணாடிக்குள் மேல்பாதி நீலம், கீழ்பாதி பழுப்பு, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. ஆயிரம் தடவை கழற்றி மாட்டியிருக்கிறேன். பெஞ்சில் வைத்துச் சுற்றவிட்டால் உள்ளே சுழலும் சக்கரமான கைரோவின் சத்தம் வண்டு மாதிரி கேட்கும். பேரிங் தேய்ந்தால் அந்த வண்டுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். கேட்கத் தெரிந்தவனுக்குக் கேட்கும்.

சந்தேகப்பேர்வழி:
747-இல் வேலை பார்த்தீர்களா?

தாம்பரம் தாத்தா:
ஆவ்ரோ.

சந்தேகப்பேர்வழி:
ஆவ்ரோ! இரண்டு எஞ்சின் காற்றாடி வண்டி. இத்தனை நேரம் 747-ஐக் கழற்றி மாட்டியதுபோலப் பேசினீர்களே.

தாம்பரம் தாத்தா:
ஹொரைசன் ஹொரைசன்தான். உன்னைப்போல யூடியூபில் பார்த்துவிட்டு வரவில்லை நான். போன வருஷம் குளிர்பதனப் பெட்டி இழையிலும் இப்படித்தான் கம்ப்ரஸருக்கும் கண்டென்சருக்கும் வித்தியாசம் தெரியாமல் என்னோடு மல்லுக்கு நின்றாய்.

நெல்லைக்காரி:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. எது சரியான கருவி என்று எப்படித் தெரியும்?

தாம்பரம் தாத்தா:
அம்மா, முதலில் இந்தத் தம்பி மூன்று இருந்தது என்று ஒத்துக்கொள்ளட்டும். அப்புறம் உனக்குச் சொல்கிறேன்.

சந்தேகப்பேர்வழி:
இருந்தது இரண்டரை.