டிஃபெண்டர் ஆர்கேட் எந்திரம்: கட்டுப்பாட்டுப் பலகை ஓவியத்தை மறுபடி அச்சிடுவது எப்படி?

சிகாகோ புறநகர்வாசி:

வணக்கம். வில்லியம்ஸ் நிறுவனம் 1981இல் வெளியிட்ட, காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டு எந்திரமான டிஃபெண்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது. யூஜின் ஜார்விஸ் குழுவினர் இதே ஊரில் உருவாக்கிய விளையாட்டு என்பதால் அதன்மேல் எனக்குத் தனிப் பற்று. மின்பலகைகளும் படக்குழாயும் சரியாகிவிட்டன. மிச்சம் இருப்பது கட்டுப்பாட்டுப் பலகைதான்.

ஆடியவர்களுக்குத் தெரியும், மேலும் கீழும் மட்டும் அசையும் ஒரு ஜாய்ஸ்டிக். ரிவர்ஸ், த்ரஸ்ட், ஃபயர், ஸ்மார்ட் பாம், ஹைப்பர்ஸ்பேஸ் என ஐந்து பட்டன்கள். கை இடைவிடாமல் உழைக்கும் பலகை இது. ஃபயர், த்ரஸ்ட் இரண்டையும் சுற்றி, தகட்டின்மேல் ஒட்டிய ஓவியத் தாள் விண்டு, அடியில் தகடு தெரிகிறது. அருகிலுள்ள அச்சகத்தில் கேட்டேன். கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால் வினைல் ஸ்டிக்கராக அச்சிட்டுத் தருவதாகச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பழைய தாளின் நிறத்தில் ஓர் ஆழம் இருக்கிறது, அது வேண்டும். எந்தத் தாள், எந்த அச்சு, நிறத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பட்டறை அச்சாளர், கோயம்புத்தூர்:

தம்பி, கைப்பேசிப் படத்தை நம்பி இந்த வேலையில் இறங்காதீர்கள். பம்ப் செட் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கான முகப்புத் தாள்களை ஸ்கிரீன் பிரிண்டிங்கில், அதாவது நிறத்துக்கு ஒன்றாகச் செய்த வலைத்திரை வழியே மையைத் தள்ளி, அச்சிடுவது என் தொழில். டிஃபெண்டரை நான் ஆடியதில்லை. ஆனால் நீங்கள் கேட்பது எங்கள் பட்டறையில் தினமும் நடக்கும் வேலை.

முதலில் மை தாளின் மேற்பக்கம் இருக்கிறதா, அடிப்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். நிறம் மாறும் இடத்தில் விரலுக்கு மேடு தட்டுப்பட்டால் மேற்பக்கம். மேற்பரப்பு ஒரே சீராக இருந்து, நிறம் சற்று உள்ளே தெரிந்தால் அடிப்பக்கம். அப்படியென்றால் அது பெரும்பாலும் பாலிகார்பனேட் என்ற உறுதியான, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். நீங்கள் சொல்லும் ஆழத்துக்கு அதுவே காரணம். கை உரசுவது பிளாஸ்டிக்கில்தான், மையில் அல்ல.

இதை அச்சிடும்போது படத்தை இடவலமாகத் திருப்பி, வரிசையையும் தலைகீழாக்க வேண்டும். எழுத்தும் கறுப்புக் கோடும் முதலில், பிறகு மற்ற நிறங்கள், எல்லாவற்றுக்கும் பின்னால் முழுப் பரப்புக்கும் வெள்ளை. வெள்ளையை விட்டுவிட்டால் தகட்டின் சாம்பல் நிறம் ஊடுருவி, பளிச்சென்ற நிறமெல்லாம் அழுக்கேறித் தெரியும்.

நிறத்துக்கு வருகிறேன். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறமும் தனியே கலந்த மை. வினைல் அச்சில் அது நான்கு மைகளின் புள்ளிக் கூட்டம். பூதக்கண்ணாடி வைத்தால் தெரிந்துவிடும். அடர்ந்த ஆரஞ்சு, துல்லியமான நீலம் போன்றவை அந்த நான்கு மைகளுக்கு எட்டவே எட்டாது. பட்டன்களைக் கழற்றுங்கள். பட்டனின் விளிம்பு மூடியிருந்த வளையத்தில் வெளிச்சமே படாத அசல் நிறம் ஒளிந்திருக்கும். அதன்மேல் பேன்டோன் அட்டையை (எண்ணிட்ட நிற மாதிரிகள் கொண்டது) வைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். வெளிறிப்போன நடுப்பகுதியை அளவுகோலாக எடுத்தால் புதிய பலகை பிறக்கும்போதே கிழடாக இருக்கும்.

கோடுகளை ஸ்கேன் படத்தின்மேல் கையால் வரையுங்கள். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருள் போதும். தானாக வரையும் வசதியைத் தொடவே வேண்டாம். அது கீறலையும் தேய்மானத்தையும் ஓவியம் என்று எண்ணிக்கொள்ளும், எழுத்துகளின் மூலையை உருட்டிவிடும். எழுத்துகளையும் படமாகவே வரையுங்கள். ஏறக்குறைய ஒத்த எழுத்துருவை வைத்தால், எந்திரத்தை அறிந்தவர் கண்ணில் உடனே உறுத்தும்.

பழைய தாளில் நிறம் கறுப்புக் கோட்டிலிருந்து சற்று விலகியிருந்தால் அது அன்றைய அச்சுப் பிசகு. நான் நேர்செய்துவிடுவேன். நிறத்தைக் கறுப்புக் கோட்டுக்கு அடியில் அரை மில்லிமீட்டர் நுழைத்து வரைந்தால் இடைவெளி விழாது.

ரோபோட்ரான்காரன்:

அண்ணன் சொன்ன கடைசி விஷயத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. அந்தப் பிசகும் 1981இன் அடையாளம்தான். நான் வில்லியம்ஸின் இன்னொரு விளையாட்டான என் ரோபோட்ரான் 2084 பலகையில் அதை அப்படியே வைத்துக்கொண்டேன்.

நண்பரே, தாளை உரிப்பதற்கு முன் ஸ்கேன் செய்யுங்கள். ஹீட் கன்னால் (சூடான காற்றை ஊதும் கருவி) சூடாக்கி இழுக்கும்போது தாள் நீண்டுவிடும், பிறகு எந்த அளவையும் நம்ப முடியாது. ஜாய்ஸ்டிக்கின் போல்ட்டுகளையும் கழற்றிவிடுங்கள். போல்ட் தலை பலகையை ஸ்கேனர் கண்ணாடியிலிருந்து தூக்கிப் பிடிக்கும். சிஐஎஸ் என்ற உணரி வகை கொண்ட இன்றைய மெல்லிய ஸ்கேனர்களில் கண்ணாடியைவிட்டுச் சற்று விலகினாலே படம் மங்கும். லென்ஸ் வழியே படம் பிடிக்கும் பழைய கனமான சிசிடி ஸ்கேனர் கிடைத்தால் அதுவே உத்தமம். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), பகுதி பகுதியாக, ஒன்றன்மேல் ஒன்று தாராளமாகப் படியும்படி. இரும்பு அளவுகோல் ஒன்றையும் சேர்த்து ஸ்கேன் செய்தால் ஒட்டிய படத்தின் நீளத்தைச் சரிபார்க்கலாம்.

வரைந்து முடித்ததும் சாதாரணக் காகிதத்தில் முழு அளவில் அச்சிட்டுத் தகட்டின்மேல் விரித்துப் பாருங்கள். ஓட்டைகளின் இடத்தைத் தாளிலிருந்து எடுக்காதீர்கள், தகட்டிலிருந்து எடுங்கள்.

சிகாகோ புறநகர்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. என்னுடையது அடிப்பக்க அச்சுதான். ஃபயர் பட்டனின் விளிம்புக்கு அடியில் இருந்த நிறத்தைப் பார்த்தபோது வேறொரு எந்திரத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது. பிசகைப் பொறுத்தவரை ரோபோட்ரான்காரர் பக்கம் நிற்கிறேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு பிரதி. அதற்காக நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் செய்வது கட்டுபடியாகுமா? விற்கும் எண்ணம் இல்லை. வில்லியம்ஸ் விளையாட்டுகளின் உரிமையைப் பிறகு பெற்ற மிட்வே நிறுவனத்தின் சொத்துகளோடு இந்த உரிமைகளும் 2009இல் வார்னர் பிரதர்ஸுக்குப் போய்விட்டன என்பது தெரியும்.

பட்டறை அச்சாளர், கோயம்புத்தூர்:

ஒரு பிரதிக்குக் கட்டுபடியாகாது. ஸ்கிரீன் செய்வதில்தான் செலவெல்லாம். அதன்பின் ஒன்று அடித்தாலும் பத்து அடித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. வெள்ளை மை உள்ள யுவி பிளாட்பெட் அச்சு எந்திரம் (தட்டையாக வைத்த பொருளில் நேரடியாக அச்சிட்டு, புற ஊதா ஒளியால் மையை இறுக்குவது) எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். அதுவும் புள்ளிகளால்தான் நிறம் காட்டும், ஆனால் பாலிகார்பனேட்டின் அடிப்பக்கத்தில் அச்சிட்டு வெள்ளையும் அடித்துத் தரும். முழு வேலைக்கு முன் நான்கைந்து நிறச் சாயல்களை அதே தாளில் அடித்து வாங்கி, அந்த வளையத்தோடு ஒப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

தாள் 0.25 மி.மீ., மேற்பரப்பு மினுங்காத வெல்வெட் வகை. பசைக்கு த்ரீஎம் நிறுவனத்தின் 467எம்பி பசைப் படலம் போதும். தகட்டில் துருக்குழிகள் இருந்தால் அதைவிடத் தடித்த 468எம்பி. தகட்டுக்குப் புது வண்ணம் அடித்திருந்தால் அது முழுவதும் இறுகட்டும். அவசரப்பட்டு ஒட்டினால் உள்ளிருந்து ஆவி வெளியேறித் தாளுக்கடியில் கொப்புளம் கிளம்பும். பட்டன் ஓட்டைகளை முன்கூட்டியே வெட்ட வேண்டாம். முழுத் தாளையும் ஒட்டிவிட்டுத் தகட்டு ஓட்டையின் விளிம்பே வழிகாட்டியாகப் புது பிளேடால் வெட்டுங்கள். சிறு பிசிறு இருந்தாலும் பட்டன் விளிம்பு மூடிவிடும். ஜாய்ஸ்டிக் ஓட்டையைக் கடைசியாக வெட்டுங்கள். அங்கே மூட ஏதும் இல்லாத எந்திரங்களும் உண்டு.