ஸ்ப்ரிங் (ப்ரோக்ராமோட பகுதிகள தானா உருவாக்கி கோத்து தர்ற ஃப்ரேம்வொர்க்) இல்லாம ஜாவா சர்வீஸ் ஓட்டுனவங்க அனுபவத்த சொல்லுங்க

டர்பன்வாசி:
நானே ஆரம்பிக்கறேன். டர்பன்ல சாட்ஸ்வொர்த் பக்கம் கடைகளுக்கு ஸ்டாக் பாக்கற சர்வீஸ், ஜெர்சில (வெப் சர்வீஸ் எழுதற ஜாவா லைப்ரரி) எழுதுனது. 2023ல லோட் ஷெடிங் (முறை வெச்சு கரண்ட நிறுத்தறது) உச்சத்துல இருந்தப்ப கரண்ட் வந்ததும் அந்த பழைய சர்வர்ல எல்லாம் ஒண்ணா எந்திரிக்கும், ஸ்ப்ரிங்ல இருந்தது மட்டும் கிளாஸ்பாத்த (கோட் இருக்கற இடங்கள) துழாவி பீன் பீனா (அது பாத்துக்கற ஆப்ஜெக்ட் ஒவ்வொண்ணா) கட்டி முடிக்கறதுக்குள்ள கடைக்காரங்க போன் மேல போன். அதான் புதுசுல மெயின் மெத்தட்லயே நியூ போட்டு கோத்துட்டேன், முதல்ல டேட்டாபேஸ் கனெக்‌ஷன் தர்ற டேட்டாசோர்ஸ், அத வாங்கிக்கிட்டு டேட்டா எடுக்கற ரெப்போ, அப்பறம் சர்வீஸ், கடைசில ரிக்வெஸ்ட்டுக்கு பதில் சொல்ற ரிசோர்ஸ் ஆப்ஜெக்ட்ட ஜெர்சியோட ரிசோர்ஸ்கான்ஃபிக்ல ரெஜிஸ்டர் பண்ணா முடிஞ்சுது. எல்லாம் கன்ஸ்ட்ரக்டர் வழியாதான். ஒரு ஆர்க்யுமென்ட் விட்டுப்போனா கம்பைலே ஆகாது, ராத்திரி ப்ரொடக்‌ஷன்ல வந்து கழுத்தறுக்காது. ஒண்ணு மட்டும் கவனம், அப்டி ரெஜிஸ்டர் பண்ண ரிசோர்ஸ் எல்லா ரிக்வெஸ்ட்டுக்கும் ஒரே ஆப்ஜெக்ட்தான், ஃபீல்ட்ல யூசர் விவரத்த வெச்சீங்கன்னா ஒருத்தர் சாமான் இன்னொருத்தர் கணக்குல ஏறும்.

மிட்ராண்ட்மாமா:
தம்பி, நீ கையால கோத்தாலும் ஜெர்சிக்கு உள்ளுக்குள்ள கோக்கறதுக்குனு ஒரு லைப்ரரி வேணும்பா. நாங்க பழசுலருந்து ஜெர்சி 2.26க்கு ஏத்துனப்ப சர்வர் எந்திரிக்கவே இல்ல, இன்ஜெக்‌ஷன்மேனேஜர்ஃபேக்டரி நாட் ஃபவுண்ட்னு ஒரே வரி. அந்த வெர்ஷன்லருந்து அந்த கோக்கற லைப்ரரியான எச்கே2வ தனி ஜாரா (லைப்ரரி ஃபைலா) பிரிச்சுட்டாங்க, ஜெர்சி-எச்கே2வ போம் ஃபைல்ல (எந்தெந்த லைப்ரரி வேணும்னு எழுதற ஃபைல்) சேத்ததும் கிளம்பிருச்சு. அப்பறம் ஜெர்சி 3க்கு போறப்ப அதுக்கு வேண்டிய ஜாவாக்ஸ் பேக்கேஜ் பேரெல்லாம் ஜகார்தா ஆயிருச்சு, பழைய இன்ஜெக்ட் இம்போர்ட்ட எங்கயாவது விட்டுட்டா பழைய ஜாரும் கூட இருந்தா கம்பைல் ஆகும் ஆனா ஃபீல்ட் எதுவும் ஏறாம காலியா (null) நிக்கும், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, அத தேடறதுதான் கொடுமை. கோக்கறதுக்கு கூகுளோட கைஸ் லைப்ரரி வெச்சிருந்தா, அதுல 6 இந்த ரெண்டு இன்ஜெக்ட்டையும் ஏத்துக்கும், 7 ஜகார்தா மட்டும்.

ஜோபர்க்பொண்ணு:
அண்ணே, கிளாஸ் கூடக்கூட மெயின் நீண்டுட்டே போகுமே? நாங்க டாகர்ங்கற (Dagger) கோக்கற லைப்ரரிக்கு மாறிட்டோம். கம்பைல் பண்றப்பவே கோக்கற கோட எழுதிரும், ரிஃப்ளெக்‌ஷன் (ஓடறப்ப கிளாஸ துழாவறது) இல்ல, ஸ்டார்ட் ஆக நேரமும் பிடிக்கல. எர்ரர் மெசேஜ் மட்டும் படிச்சா தலை சுத்தும்.

டர்பன்வாசி:
நீளும்தாம்மா, நான் மாட்யூலுக்கு ஒரு கிளாஸ்னு பிரிச்சு வெச்சிருக்கேன், இப்போதைக்கு ஓடுது. கையால கோத்தா மூடறதும் நம்ம தலைலதான். யூபிஎஸ் பேட்டரி தீரப்போகுதுன்னு மெஷின் தானா ஷட்டவுன் ஆகறப்ப ஷட்டவுன் ஹுக்ல (ப்ரோக்ராம் முடியறப்ப ஓடற கோட்) முதல்ல எச்டிடிபி சர்வர மூடணும், அப்பறம்தான் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூல். மாத்தி மூடுனா பாதி பில்லு அந்தரத்துல நிக்கும்.