சீயானின் கணக்கு நோட்டில் வண்டிச் சொற்கள்: தெரிந்தவர்கள் பொருள் சொல்லுங்கள்

தேவிபட்டினத்துப் பேத்தி:

வணக்கம். அப்பாவின் அப்பாவை நாங்கள் சீயான் என்றுதான் கூப்பிடுவோம். தேவிபட்டினத்தில் கட்டை வண்டி வைத்திருந்தார். கருவாடும் உப்பும் ஏற்றிக்கொண்டு இராமநாதபுரம் சந்தைக்குப் போய்வருவார். போன வாரம் டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது அவருடைய கணக்கு நோட்டு கிடைத்தது. கரையான் தின்றது போக வாசிக்க முடிந்தவை இவை:

"குடம் 1, ஆரக்கால் 12, வட்டை 6." "இருசுக் கட்டை மாற்றியது." "கடையாணி 2." "பட்டா இறுக்கிய கூலி." "மை அரைப்படி."

எதற்கு மை? சீயான் ஒரு மாதம் முழுவதும் எழுதினாலும் பத்து வரி தேறாது. அதற்கு அரைப்படி மையா?

இன்னொரு வரி, 1959 ஆவணியில் எழுதியது: "பிளசர் வாடகை ரூ. 15. போகையில் அணியத்தில் நான், அமரத்தில் மூவர். வருகையில் அமரத்தில் நால்வர்." இது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

சாயல்குடி நடத்துநர் (ஓய்வு):

தாயி, உன் சீயான் ஒரு சக்கரத்தையே புதிதாகச் செய்திருக்கிறார். நடுவில் இருப்பது குடம். அதிலிருந்து கிளம்புபவை ஆரக்கால்கள். ஒரு வட்டைக்கு இரண்டு கால் வீதம் 6 வட்டைகளைக் கோத்தால் வட்டம் முடிந்தது. அதற்கு வெளியே இரும்புப் பட்டா.

எங்கள் வீட்டிலும் வண்டி இருந்தது. பட்டா கட்டுகிற நாளில் பள்ளிக்கூடம் போக மாட்டேன். பட்டாவைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சிறிதாகவே அடித்திருப்பார்கள். வறட்டியை வட்டமாக அடுக்கித் தீ மூட்டி, அதில் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சுவார்கள். சூட்டில் விரிந்ததும் நாலு பேர் குறடு போட்டுத் தூக்கிச் சக்கரத்தில் இறக்கி, மரம் தீப்பிடிப்பதற்குள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கச் சுருங்க வட்டையும் காலும் நெரிபட்டு ஒரு சத்தம் வரும் பார், பல் கூசும். நம் பக்கத்து வெயிலில் மரம் வற்றிப் பட்டா தளர்ந்துவிடும். ஊருணியில் தண்ணீர் இருந்தால் சக்கரத்தை ஓரிரவு ஊறப்போட்டுச் சமாளிக்கலாம். ஊருணியே வறண்டுவிட்டால் மறுபடி கொல்லன்தான், மறுபடி கூலிதான்.

இருசு என்றால் அச்சு. அதன் முனையில், சக்கரம் கழன்றுவிடாமல் செருகுவது கடையாணி. "உருள்பெருந்தேர்க்கு அச்சாணி" என்று வள்ளுவர் சொன்னதும் இந்தச் சிறு ஆணியைத்தான். மை எழுதுவதற்கு அல்ல தாயி! வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்தது. குடத்துக்கும் இருசுக்கும் நடுவில் தடவுவது. அது இல்லாத வண்டி போகிற வழியில் எல்லா ஊரையும் எழுப்பிவிடும்.

பிளசர் என்றால் கார். வெள்ளைக்காரன் உல்லாசமாகப் போக வைத்த பெயர். நம்மவர்கள் அதில் ஏறியதெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும்தான்.

அமரம்தான் இடிக்கிறது. அமரர் என்று எழுத நினைத்தாரோ? போகையில் மூவர், வருகையில் நால்வர் என்றால் கேட்கவே சங்கடமாக இருக்கிறது. ஆழ்ந்த அனுதாபங்கள்.

முதுகுளத்தூர் வாத்தியார்:

உப்பு வண்டி என்றதும் எனக்குப் புறநானூற்றின் 102ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. உப்பு வணிகரான உமணர், பாரம் ஏற்றிய வண்டி மேட்டிலும் பள்ளத்திலும் என்ன ஆகுமோ என்று அடிமரத்தில் "சேம அச்சு" ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்களாம். ஔவையார் பாடியது. இன்று நாம் ஸ்டெப்னி என்கிறோம்; அது வேல்ஸ் நாட்டில் ஒரு தெருவின் பெயர். பெயர்தான் மாறியிருக்கிறது. லாரிக்காரர் இன்றைக்கும் அதை வண்டிக்கு அடியில்தான் மாட்டியிருக்கிறார். உங்கள் சீயான் மாற்றிய இருசும் அப்படிக் கூடவே வந்ததாக இருக்கலாம்.

தொண்டி ஓடாவி மகன்:

சாயல்குடி அண்ணன் அவசரப்பட்டு யாரையும் அடக்கம் செய்துவிட வேண்டாம்.

அணியம் என்றால் படகின் முன்பக்கம். அமரம் பின்பக்கம், சுக்கான் பிடிக்கிற இடம். படகு கட்டும் தச்சரைத்தான் ஓடாவி என்பது. என் அப்பா அந்த வேலைதான் பார்த்தார். ஷேர் ஆட்டோவை நிறுத்தி "அமரத்தில் இடமிருக்கிறதா?" என்று கேட்பார், ஓட்டுகிற பையன் விழிப்பான். ஸ்டியரிங்கும் அவருக்குச் சுக்கான்தான். ஃபைபர் படகு வந்த பிறகு இந்தப் பேச்சு எங்கள் வீட்டுக்குள்ளேயே குறைந்துவிட்டது.

ஆக, முன் சீட்டில் உங்கள் சீயான், பின் சீட்டில் மூன்று பேர். திரும்பும்போது பின்னால் நான்கு பேர். வண்டி மட்டுமே ஓட்டியவருக்கு இந்தச் சொல் கையில் வராது, தங்கச்சி. ஒரு காலத்தில் வத்தை என்கிற பாய்மரப் படகில் பாய் இழுத்திருப்பார். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

தேவிபட்டினத்துப் பேத்தி:

அத்தையிடம் கேட்டேன். கல்யாணத்துக்கு முன்பு நாலு வருடம் வத்தையில் போயிருக்கிறார். அப்பத்தா வீட்டில் கடலுக்குப் போகிறவனுக்குப் பெண் இல்லை என்று சொல்லிவிட்டதால் மாடு வாங்கினாராம். எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

பின் சீட்டில் போனவர்கள் அப்பத்தா, அப்பத்தாவின் அம்மா, தங்கை. இராமநாதபுரத்து ஆஸ்பத்திரி. பிளசர் இரவெல்லாம் வாசலிலேயே நின்றதாம். என் அப்பா பிறந்தது 1959 ஆவணி. பிறந்து ஒரு நாள்கூட ஆகாதவரை ஆள் கணக்கில் சேர்த்து எழுதியிருக்கிறார் சீயான்.

சாயல்குடி நடத்துநர் (ஓய்வு):

அனுதாபத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல். ஆனாலும் தாயி, மடியில் வந்த குழந்தையை எங்கள் பஸ்ஸில் ஆள் கணக்கில் சேர்க்க மாட்டோம். மூவர்தான்.